கோடிட்டு அடித்த கடைசிப் பத்தி

1931ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி வெளிவந்த ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கடிதம் இருக்கிறது. அச்சில் ஒரு பக்கத்தைக்கூட அது நிரப்பாது. சமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது. அண்டத்தின் தொடக்கத்தை ஓர் இயற்பியல் நிகழ்வாக முன்வைத்த முதல் எழுத்து என்று அதைத்தான் சொல்ல வேண்டும். எழுதியவர் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் லெமைத்ரு. அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. வகுப்புக்கும் அறிவியல் மாநாட்டுக்கும் கறுப்பு அங்கியோடும் வெள்ளைக் கழுத்துப்பட்டையோடும்தான் போவார்.

அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் படி அவருடைய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. அச்சில் வராத ஒரு பத்தி அதன் கடைசியில் இருக்கிறது. எல்லா இருப்பையும் தாங்கி நிற்கும் இறைவனை நம்புகிறவர்கள், அவர் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள். படைப்பை மறைக்கும் ஒரு திரையை இன்றைய இயற்பியல் தருவதைக் கண்டு அவர்கள் மகிழலாம் என்ற பொருளில் அமைந்த பத்தி அது. இதழுக்கு அனுப்புவதற்கு முன் அதன்மேல் கோடிட்டு அடித்துவிட்டார்.

அடித்த காரணத்தை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. நம்பிக்கை குறைந்து அடித்ததாகச் சொல்ல இடமே இல்லை. அதற்குப் பிறகும் 35 ஆண்டுகள் அவர் குருவாகவே வாழ்ந்தார், குருவாகவே இறந்தார். சக விஞ்ஞானிகளுக்கு அஞ்சி அடித்தார் என்றும் தோன்றவில்லை. தன் நம்பிக்கையை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அந்தப் பத்தி பொய் என்று அவர் கருதவில்லை. இயற்பியல் இதழ் அதற்குரிய இடமில்லை என்று கருதினார் என்றே நான் நினைக்கிறேன். அறிவியலின் எல்லை எங்கே, சமய நம்பிக்கையின் பங்கு என்ன என்ற நெடிய விவாதத்தில், இரு பக்கமும் முழுமையாக வாழ்ந்த ஒருவரின் நடத்தையைப் பார்ப்பது பல கொள்கை விளக்கங்களைவிட எனக்குத் தெளிவு தந்திருக்கிறது.

லெமைத்ரு 1894இல் ஷார்ல்ருவா என்ற நிலக்கரிச் சுரங்க நகரில் பிறந்தார். லூவனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. இருபது வயதில் தானாகவே படையில் சேர்ந்து, பீரங்கிப் பிரிவில் பணியாற்றி, வீரப் பதக்கமும் பெற்றார். போர்முனையில் கிடைத்த ஓய்வில் புவான்கரேயின் இயற்பியலையும் விவிலியத்தையும் படித்தார். திரும்பி வந்ததும் பொறியியலை விட்டுக் கணிதத்துக்கு மாறினார். 1920இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு மெக்கலென் நகரில் குருமடத்தில் சேர்ந்தார்.

அங்கே இருந்தபோது, 1921இல், ‘கடவுளின் முதல் மூன்று வார்த்தைகள்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். விவிலியத்தின் தொடக்கநூலில் வரும் படைப்புக் கதையை அன்றைய இயற்பியலோடு வரிக்கு வரி பொருத்திக் காட்டும் முயற்சி அது. அதாவது, பிற்காலத்தில் மற்றவர்கள் செய்தபோது அவர் தடுக்கப் போன அதே வேலையை இளம் வயதில் அவரே செய்து பார்த்தார். அந்தக் கட்டுரையை அவர் வெளியிடவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் கருத்து முழுவதும் மாறியிருந்தது. விவிலியத்தை எழுதியவர்கள் மீட்பைப் பற்றித்தான் அருளொளி பெற்றிருந்தார்கள், மற்ற விஷயங்களில் தங்கள் தலைமுறையினர் அறிந்த அளவே அறிந்திருந்தார்கள் என்று 1933இல் ஓர் அமெரிக்கச் செய்தியாளரிடம் சொன்னார்.

1923இல் குருப்பட்டம் பெற்றதும் கேம்பிரிட்ஜுக்குப் போய் வானியலாளர் ஆர்தர் எடிங்டனிடம் ஓராண்டு படித்தார். நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் வெள்ளைக் குள்ளன் விண்மீன் கணக்கை 1935இல் அரங்கறிய எள்ளி நகையாடினாரே, அதே எடிங்டன்தான். அடுத்த ஆண்டு ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹார்லோ ஷேப்லியிடம். ஒருவரிடம் சார்பியல் கோட்பாடு, இன்னொருவரிடம் நெபுலாக்களின் அளவீடுகள். இரண்டும் ஒரே தலையில் சேர்ந்தது அறிவியலுக்குக் கிடைத்த நற்பேறு.

அன்றைய நிலை இது. ஐன்ஸ்டீன் 1917இல் தன் பொதுச் சார்பியலை அண்டம் முழுவதற்கும் பொருத்திப் பார்த்தார். சமன்பாடுகள் அண்டத்தை அசையாமல் நிற்க விடவில்லை. அண்டம் என்றும் மாறாதது என்று எல்லோரும் நம்பிய காலம், அவரும் நம்பினார். எனவே ஈர்ப்புக்கு எதிராக முட்டுக்கொடுக்க ஒரு மாறிலியைச் சேர்த்தார். ரஷ்யாவில் அலெக்சாந்தர் ஃபிரீட்மன் 1922இல் அதே சமன்பாடுகளிலிருந்து விரியும் அண்டங்களையும் சுருங்கும் அண்டங்களையும் கணித அளவில் வருவித்தார், 1925இலேயே இறந்துவிட்டார். இன்னொரு பக்கம், அமெரிக்காவில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912 முதல் சுருள் நெபுலாக்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்துவந்தார். பெரும்பாலானவற்றின் ஒளி நிறமாலையில் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தது. ஏன் என்று யாருக்கும் சரியாகப் புரியவில்லை.

1927இல் லெமைத்ரு இரண்டையும் இணைத்தார். விண்மீன் மண்டலங்கள் வெளியினூடே ஓடவில்லை, அவற்றுக்கு இடையிலுள்ள வெளியே விரிகிறது. நம்மை நோக்கி வரும் ஒளியின் அலையும் வழியில் அதோடு சேர்ந்து நீள்கிறது, அதனால்தான் செம்பெயர்ச்சி. அப்படியானால் இரு மடங்கு தொலைவில் உள்ள மண்டலம் இரு மடங்கு வேகத்தில் விலக வேண்டும். 42 மண்டலங்களின் அளவீடுகளை வைத்து அந்த வேகத்தையும் கணக்கிட்டார்: ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும் நொடிக்கு ஏறத்தாழ 625 கிலோமீட்டர். எட்வின் ஹபிள் தன் புகழ்பெற்ற அளவீட்டை வெளியிட்டது 1929இல், இரண்டு ஆண்டுகள் கழித்து.

அந்தக் கட்டுரை வந்தது பிரஸ்ஸல்சிலிருந்து பிரெஞ்சில் வெளியான, அதிகம் பேர் படிக்காத ஓர் ஆய்விதழில். அதே ஆண்டு அக்டோபரில் சால்வே மாநாட்டுக்காக ஐன்ஸ்டீன் பிரஸ்ஸல்ஸ் வந்தார். லெமைத்ரு அவரைச் சந்தித்தார். கணக்கில் குறையில்லை, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டீன் சொல்லிவிட்டார். பிறகு டாக்சியில் சேர்ந்து போகும்போது நெபுலாக்களின் வேகத்தைப் பற்றி லெமைத்ரு பேச்செடுத்தார். வானியல் அளவீடுகளின் புதிய நிலவரம் ஐன்ஸ்டீனுக்குத் தெரிந்திருக்கவில்லை என்ற எண்ணம் தனக்கு ஏற்பட்டதாகப் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார். இந்தச் சந்திப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்டம் மாறாதது என்ற எண்ணத்துக்கு அன்று ஓர் அளவீடும் ஆதாரமாக இல்லை. சமயம் சாராத மனங்களிலும், ஆராயாமல் ஏற்ற நம்பிக்கைகள் உண்டு.

விரிவதை ஏற்றுக்கொண்டால் பின்னோக்கிப் போகலாம். 1931இல் லெமைத்ரு பின்னோக்கிப் போனார். வழிகாட்டியாக வெப்ப இயக்கவியலையும் குவாண்டம் இயற்பியலையும் எடுத்துக்கொண்டார். காலம் முன்னே போகப்போக ஆற்றல் மேலும் மேலும் சிறு பங்குகளாகப் பிரிகிறது. பின்னே போனால் பங்குகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அண்டத்தின் ஆற்றல் முழுவதும் ஒரே குவாண்டத்தில் அடங்கிவிடும். ஒரே ஒரு குவாண்டம் மட்டும் இருக்கும் இடத்தில் வெளி, காலம் என்ற கருத்துகளுக்கே பொருள் இல்லை. அந்த ஒன்று பல துண்டுகளாகப் பிரிந்த பிறகுதான் காலம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே அதற்கு முன்பு என்ன என்று கேட்க இயற்பியலில் வழி இல்லை. இதைத்தான் அவர் ஆதி அணு என்று அழைத்தார்.

இந்த இடத்தில் லெமைத்ரு ஒரு வேறுபாட்டை விடாப்பிடியாகக் காத்தார். தொடக்கம் வேறு, படைப்பு வேறு. தொடக்கம் என்பது இயற்பியல் பின்னோக்கிப் போய்த் தொடக்கூடிய, அல்லது தொட முடியாமல் நின்றுவிடக்கூடிய ஒரு நிலை. படைப்பு என்பது இருக்கிற எல்லாமும் எதைச் சார்ந்து இருக்கிறது என்ற கேள்விக்குச் சமயம் தரும் விடை. அண்டம் தொடக்கமே இல்லாமல் என்றென்றும் இருந்துவந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். இது அவர் தப்பித்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி என்று யாரும் எண்ண வேண்டாம். 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதைத் தருக்கத்தால் நிறுவ முடியாது, தொடக்கமில்லாத உலகமும் இறைவனைச் சார்ந்தே இருக்கும் என்று வாதிட்டார். லூவனில் கணிதத்தோடு அக்வினாசின் மெய்யியலையும் லெமைத்ரு முறையாகப் படித்திருந்தார்.

நம் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். சமணம் படைத்தவன் ஒருவனை ஏற்பதில்லை. உலகம் தொடக்கமும் முடிவும் அற்றது என்கிறது. அண்டத்தின் தொடக்கம் கிறித்தவத்தை நிறுவுகிறது என்றால் அது சமணத்தைப் பொய்யாக்குகிறது என்றும் சொல்ல வேண்டும். நாளை வேறொரு கோட்பாடு வந்து அண்டத்துக்குத் தொடக்கமில்லை என்று காட்டினால், கோயில்களையும் தேவாலயங்களையும் மூடிவிட்டுச் சமணத்தில் சேர்வோமா? கொல்லாமையும் பற்றறுத்தலும் ஒரு தொலைநோக்கி அளவீட்டை நம்பி நிற்பவை அல்ல. அன்பும் மன்னிப்பும் அப்படித்தான்.

சிக்கல் என்னவென்றால், லெமைத்ரு பிரித்துவைத்ததை உலகம் பிரித்துப் பார்க்கவில்லை. அங்கி அணிந்தவர் ஒருவர் அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்கிறார். உள்நோக்கம் இல்லாமலா இருக்கும்? ஆதி அணு பற்றிப் பேச்செடுத்தபோது, அது படைப்பை மிகவும் நினைவூட்டுகிறது என்று ஐன்ஸ்டீன் தட்டிக்கழித்ததாக லெமைத்ருவே பதிவுசெய்திருக்கிறார். சோவியத் ஒன்றியத்தில் கட்சியின் கருத்தியல் தலைவர் அந்திரேய் ஷ்தானவ் 1947இல் ஆற்றிய உரையில், அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற கருத்தைத் தாக்கினார். இதை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் இடையே நடந்த சண்டையாகவும் காட்ட முடியாது. எடிங்டன் ஆழ்ந்த பக்தி கொண்ட குவேக்கர் சபையினர். அவருக்கே அண்டத்துக்குத் திடீர்த் தொடக்கம் என்ற எண்ணம் அருவருப்பாக இருந்தது, அதை அவர் 1931இல் எழுதவும் செய்தார். லெமைத்ருவின் ‘நேச்சர்’ கடிதம் அதற்கான மறுமொழிதான்.

அறிவியல் சார்ந்த எதிர்ப்பும் வலுவாக இருந்தது. ஹபிளின் அளவீட்டை வைத்துக் கணக்கிட்டால் அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் என்று வந்தது. கதிரியக்கத்தைக் கொண்டு பாறைகளை ஆராய்ந்தவர்களோ பூமிக்கே அதைவிட வயது அதிகம் என்றார்கள். பூமியைவிட இளைய அண்டம் எப்படி இருக்கும்? 1948இல் ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு மூவரும் மாறாநிலைக் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள்: அண்டம் விரிகிறது, ஆனால் இடையிடையே புதிய பொருள் தோன்றிக்கொண்டே இருப்பதால் அதன் தோற்றம் என்றும் மாறுவதில்லை, தொடக்கமும் இல்லை. எதிர்க் கோட்பாட்டுக்குப் பெருவெடிப்பு என்ற பெயரை 1949இல் பிபிசி வானொலியில் சூட்டியவரும் ஹாயில்தான்.

விவாதம் இப்படிச் சூடாக இருந்தபோதுதான், 1951 நவம்பர் 22 அன்று, போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் தம்முடைய அறிவியல் கழகத்தின் முன் உரையாற்றினார். பயஸ் அறிவியலை மதித்தவர், நிறையப் படித்தவர். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். விரியும் அண்டத்தின் வயதையும் பாறைகளின் வயதையும் சொல்லி, இன்றைய அறிவியல் பல கோடி ஆண்டுகளைத் தாவி, ஆதியில் ஒளி தோன்றிய கணத்துக்கே சாட்சியாகிவிட்டது என்று முடிவு கட்டினார். செய்தித்தாள்கள் கொண்டாடின. லெமைத்ரு 1936 முதல் அந்தக் கழகத்தின் உறுப்பினர். அவர் கொண்டாடவில்லை, கலங்கினார்.

தன் கோட்பாட்டைத் தன் சபையின் தலைவரே உலகறியப் பாராட்டும்போது அதை ஏற்காமல் நிற்பது எளிதல்ல. அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலக வானியலாளர் பேரவை ரோமில் கூடவிருந்தது. போப்பாண்டவர் அங்கும் பேசுவதாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில் லெமைத்ரு ரோமில் இறங்கினார். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓ'கானலிடம் பேசினார். ஒரு கருதுகோளை, இன்னும் சோதனையில் இருக்கும் ஒன்றை, விசுவாசத்துக்குச் சான்றாக வைக்க வேண்டாம் என்பதுதான் அவர் கவலை. 1952 செப்டம்பர் 7 அன்று வானியலாளர்கள் முன் போப்பாண்டவர் நிகழ்த்திய உரையில் வானியலுக்குப் பாராட்டு இருந்தது. முந்தைய ஆண்டின் கூற்று இல்லை.

அதே ரோம் பேரவையில் இன்னொன்றும் நடந்தது. வானியலாளர் வால்டர் பாடே, விண்மீன் மண்டலங்களின் தொலைவை அளக்கப் பயன்படுத்திய அளவுகோலில் பிழை இருப்பதாக அறிவித்தார். தொலைவுகள் எல்லாம் இரண்டு மடங்காயின. அண்டத்தின் வயதும் இரண்டு மடங்காயிற்று. போப்பாண்டவரின் 1951 உரைக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே பத்து மாதம்கூட இல்லை. இன்று அந்த வயது 1380 கோடி ஆண்டுகள். அறிவியலின் எண்கள் இப்படித் திருத்தப்பட்டுக்கொண்டே போவது அதன் பலம். அந்த எண்களின்மேல் வழிபாட்டை நிறுத்தினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வழிபாடு ஆடும்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு பழைய முன்னுதாரணமும் உண்டு. கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் காலப்போக்கில் அவற்றின் பாதைகள் சீர்குலையும், அவ்வப்போது இறைவன் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். அடிக்கடி பழுதுபார்க்க வேண்டிய உலகைப் படைத்தவன் என்ன திறமைசாலி என்று மெய்யியலாளர் லைப்னிட்ஸ் அப்போதே கண்டித்தார். 1785இல் கணிதவியலாளர் லாப்லாஸ், வியாழன் சனி இரண்டின் பாதைகளில் தெரிந்த விலகல் ஏறத்தாழ 900 ஆண்டுச் சுழற்சியில் தானே திரும்பிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். நியூட்டன் இறைவனுக்கு ஒதுக்கிய வேலை பறிபோயிற்று. லாப்லாசும் கடைசிச் சொல் சொல்லிவிடவில்லை: அடுத்த 500 கோடி ஆண்டுகளில் புதனின் பாதை ஆபத்தான அளவுக்குக் குலைய ஏறத்தாழ 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்று 2009இல் கணினிக் கணக்குகள் காட்டின. ஆனால் இப்போது யாரும் அந்த 1 விழுக்காட்டைச் சரிசெய்ய இறைவனை அழைப்பதில்லை. நம் அறியாமையின் இடைவெளிகளில் கடவுளைக் குடிவைத்தால், ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அவரை வெளியேற்றும் ஆணையாகிவிடுகிறது.

அறிவியலின் எல்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஒன்று, இன்றைய எல்லை. ஒரு நொடியை 1-க்குப் பின் 43 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ எவ்வளவு வருமோ அவ்வளவு குறுகிய காலம் தொடக்கத்திலிருந்து கழிவதற்கு முன் நடந்ததை, ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைக்கும் கோட்பாடு இல்லாமல் நம்மால் கணக்கிட முடியாது. அந்தக் கோட்பாடு இன்னும் கைக்கு வரவில்லை. வராது என்று யாரும் சொல்ல முடியாது. காலத்துக்கு விளிம்பே இல்லாத ஓர் அண்டத்தை ஸ்டீபன் ஹாக்கிங் முன்வைத்தார், அதுவும் 1981இல் வத்திக்கானில் நடந்த மாநாட்டில். அந்த முயற்சி வெல்லலாம், தோற்கலாம், முயற்சிகள் தொடரும். இந்த எல்லையில் சமயத்துக்கு வேலை இல்லை. இங்கே ‘இதற்கு மேல் இறைவன் செயல்’ என்று பலகை வைப்பது ஆராய்ச்சியையும் கெடுக்கும், பக்தியையும் கெடுக்கும்.

மற்றது வேறு வகை. எதுவுமே இல்லாமல் போயிருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லைப்னிட்ஸ் கேட்டார். இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸ் 2012இல் ஒரு நூல் முழுக்க இதற்கு விடை தர முயன்றார்: குவாண்டம் வெற்றிடத்திலிருந்து அண்டம் தோன்றலாம். ஆர்வமூட்டும் இயற்பியல்தான். ஆனால் குவாண்டம் வெற்றிடத்துக்கு ஆற்றல் உண்டு, விதிகள் உண்டு. அவை ஏன் உள்ளன என்று கேட்டால் கேள்வி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. அளவீடு எவ்வளவு நுட்பமானாலும் இந்தக் கேள்வி சுருங்காது, ஏனென்றால் எந்த அளவீட்டிலும் இது தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

நல்லது எது என்ற கேள்வியும் இந்த வகை. லெமைத்ரு போரிட்ட அதே பெல்ஜியப் போர்முனையில், ஈப்ரு நகருக்கு அருகே, 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதை ஏற்பாடு செய்த வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றிலிருந்து அம்மோனியா எடுக்கும் அவருடைய முறைதான் இன்று கோடிக்கணக்கானோருக்குச் சோறு போடும் உரத்தின் அடிப்படை. குளோரின் எந்தக் காற்றில் எவ்வளவு தூரம் பரவும் என்பதை வேதியியல் சொன்னது. திறக்கலாமா கூடாதா என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்த இடம் தானாகவே சமயத்துக்கு உரியது என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் போரில் இரு தரப்புப் படைகளையும் குருமார்கள் ஆசீர்வதித்தார்கள். நம்பிக்கையின் துணை இல்லாமலே அறத்தில் உறுதியாக நின்றவர்களும் எல்லா நாட்டிலும் உண்டு. சமயம் இங்கே பேசத் தகுதியுள்ள குரல்களில் ஒன்று. நெடுங்காலம் யோசித்த, பல தவறுகளும் செய்த குரல்.

அப்படியானால் ஒரு விஞ்ஞானிக்கு நம்பிக்கை என்னதான் தருகிறது? லெமைத்ருவின் பதில் அடக்கமானது. கணக்குப் போடும் நேரத்தில் நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் கருவிகள் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. புதிருக்கு விடை உண்டு என்ற உறுதி மட்டும் நம்புகிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது, ஏனென்றால் அது அறிவுள்ள ஒருவரின் ஆக்கம் என்று அவர் நம்புகிறார். அந்த உறுதியை வேறு இடங்களிலிருந்தும் பெறலாம் என்பதற்குச் சந்திரசேகரே சான்று. தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர், சமன்பாடுகளின் அழகில் வாழ்நாள் முழுதும் உழைத்தார். மின்காந்த விசையும் மென்விசையும் ஒன்றே என்று தனித்தனியே கண்டவர்கள் இருவர்: ஸ்டீவன் வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர், அப்துஸ் சலாம் தொழுகை தவறாத இஸ்லாமியர். ஒருவர் 1967இல், மற்றவர் 1968இல். ஒரே சமன்பாடு. 1979இல் ஷெல்டன் கிளாஷோவோடு சேர்ந்து ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். 1983இல் செர்ன் ஆய்வகத்தில் டபிள்யூ, இசட் துகள்கள் அந்தச் சமன்பாடு சொன்ன இடத்தில் சிக்கின. கண்டவர்களில் யார் பிரார்த்தனை செய்தார் என்பது துகள்களுக்குத் தெரியாது. சலாமின் வாழ்க்கையிலிருந்து அவருடைய தொழுகையைக் கழித்துவிட முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

1958இல் சால்வே மாநாட்டில் லெமைத்ரு தன் நிலையைக் கடைசியாகத் தெளிவுபடுத்தினார். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது. பொருள்முதல்வாதி இறைவனை மறுக்க அது தடையில்லை. நம்புகிறவர் இறைவனோடு உரிமை கொண்டாடி நெருங்க முயல்வதற்கும் அது இடம் தருவதில்லை. இரண்டு ஆண்டுகளில் வத்திக்கான் அறிவியல் கழகத்தின் தலைவரானார். 1965இல் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்த செய்தி வெளிவந்தது. அண்டம் சூடாகவும் அடர்ந்தும் இருந்த காலத்தின் எச்சம் அது. அந்தச் செய்தி மருத்துவமனைப் படுக்கையில் இருந்த லெமைத்ருவுக்கு எட்டியது. 1966 ஜூன் 20 அன்று இறந்தார். அண்டத்தின் பிறப்புக்கு ஒரு தடயம் எஞ்சியிருக்கும் என்று அவர் சொன்னது சரியாயிற்று. ஆனால் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களே அந்தத் தடயம் என்று அவர் கருதியது தவறு. ஆதி அணு ஒரு மாபெரும் அணுக்கரு போலச் சிதைந்தது என்ற அவர் சித்திரமும் நிலைக்கவில்லை. அந்தச் சித்திரத்தில் தன் நம்பிக்கையை அவர் முடிந்துவைக்காததால், அது வீழ்ந்தபோது நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம்மிடையே இந்த முடிச்சுப் போடும் பழக்கம் மிகுதி. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் பெருவெடிப்பு இருக்கிறது, சித்தர்கள் அணுவைப் பிளந்தார்கள், நடராசர் சிலை துகள் இயற்பியல் என்று மேடைதோறும் கேட்கிறோம். எதிர் மேடையில் பெருவெடிப்பு கடவுளை ஒழித்துவிட்டது என்று கேட்கிறோம். பயஸ் செய்த தவறும் ஷ்தானவ் செய்த தவறும் ஒன்றே. இரண்டையும் தமிழில் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அண்டங்களின் பெருக்கத்தையே தூசு அளவாகச் சிறுக்கவைத்து, அவற்றினும் பெரியவனைப் பாட முனைந்தவர் மாணிக்கவாசகர். அந்தப் பாட்டை இயற்பியல் பாடநூலின் அடிக்குறிப்பாக்குவது அதைச் சிறுமைப்படுத்துவது. ஒரு நூற்றாண்டு உழைப்பில் அளந்து திருத்தி எட்டிய 1380 கோடி என்ற எண்ணை, முன்னரே நமக்குத் தெரிந்ததுதான் என்று தள்ளுவது அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்துவது.

திருவண்டப்பகுதியை ஓதுகிறவர்கள் ஓதுங்கள், ஓதாதவர்கள் ஒருமுறையாவது படியுங்கள். விரியும் அண்டத்தின் கணக்கையும் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்றுக்கொடுங்கள். ஒன்று மற்றதற்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.